வேலியில் படர்ந்த பூனைக்காலி

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு, நடுக்கத்தைப் பற்றியவை. ஆறும் நம் கடற்கரை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. அதனால் மூட்டுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீளமாக இருக்கும். அதில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். மூன்று வருஷமாக வலது கை நடுங்குகிறது. மதுரையில் காட்டியதில் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி லெவோடோபா மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு, உட்கார்ந்து வலை பின்னுகிற அளவுக்குத் தேறினார். போன மாதம் வெளியூர் வைத்தியர் ஒருவர், "அது இங்கிலீஷ் விஷம், உடனே நிறுத்துங்கள். பூனைக்காலி கொடுத்து ஆறு மாதத்தில் முழுசாகக் குணமாக்குகிறேன்" என்றார். நிறுத்திவிட்டோம். இப்போது பத்து நாளாக அப்பா கட்டைபோல் கிடக்கிறார். வைத்தியர் கேட்கிற பணமும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் வேலியிலேயே பூனைக்காலி படர்ந்து கிடக்கிறது. அதையே பறித்து அரைத்துக் கொடுக்கலாமா, டாக்டரம்மா?
– மகள், தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே அதில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயமா அது? அன்று மாலையே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள், மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதாக இருந்தாலும் எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நான் ஆயுர்வேதக்காரி. நான் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

இனி பூனைக்காலிக்கு வருகிறேன். அந்த வைத்தியர் விஷம் என்று சொன்ன மாத்திரைக்குள் இருப்பதும், உங்கள் வேலியில் தொங்குகிற காயின் விதைக்குள் இருப்பதும் ஒரே பொருள்தான். லெவோடோபா. 1937-இல் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எங்கே தெரியுமா, நம் சென்னையில். அது எதற்கு உதவும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இருபது வருஷம் கழித்து, 1957-இல், சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் படுத்துவிட்டன. பிறகு லெவோடோபாவைச் செலுத்தியதும் எழுந்து ஓடின. மூளையில் டோபமின் குறைந்தால் உடம்பு உறைந்துபோகிறது என்ற கண்டுபிடிப்பு அங்கே தொடங்கியது. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. அந்த ரெசர்பின், ஆயுர்வேதத்தில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. ஆக, முயலைப் படுக்க வைத்ததும் நம் மூலிகைச் சரக்கு, எழுப்பி விட்டதும் நம் மூலிகையில் உள்ள சரக்கு. "மூலிகை என்றால் கெடுதல் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முயல்தான் ஞாபகம் வரும்.

சரி, இரண்டும் ஒன்றுதான் என்றால் வேலியில் இருப்பதையே பறித்துக் கொடுத்தால் என்ன? அங்கேதான் சிக்கல்.

மூளைக்குத் தேவை டோபமின். நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதுதான் இந்த நோய். டோபமினை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா போகும். ஆனால் போகிற வழியிலேயே குடலிலும் ரத்தத்திலும் பெரும்பகுதி டோபமினாக மாறி வீணாகிவிடும். குமட்டலும் வரும். ஐஸ் போடாமல் மதுரைக்கு அனுப்பிய மீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மாத்திரையில் கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள். அது ஐஸ். விதையில் ஐஸ் கிடையாது.

அப்புறம் அளவு. மாத்திரையில் 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 100தான். பூனைக்காலி விதையில் லெவோடோபா 3 சதவீதமும் இருக்கும், 6 சதவீதமும் இருக்கும். கொடிக்குக் கொடி, மண்ணுக்கு மண் மாறும். உங்கள் வேலியில் இருப்பது எத்தனை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. என் அப்பா உடம்பில் கற்றுக்கொண்டேன். அப்பா உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வலது தோள் பிடித்துக்கொண்டது என்றார். நான் அப்போது ராமநாதபுரத்தில் பதினோரு வருஷமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சாஸ்திரத்தில் அவபாகுகம் என்று ஒரு தோள் நோய் உண்டு. அதுதான் என்று முடிவு கட்டி எட்டு மாதம் தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். தோள் கொஞ்சம் இளகும், மறுபடி பிடிக்கும். இதற்கிடையில் அப்பாவின் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. கரும்பலகையில் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதியவர், பென்ஷன் பாரத்தில் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "கருவாட்டில் இப்பவெல்லாம் மணமே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். அம்மா அதற்காகக் கருவாட்டுக்காரம்மாவை இரண்டு தடவை மாற்றினார். மோப்பம் போய்விட்டது என்று மகளான எனக்கோ, வைத்தியரான எனக்கோ தோன்றவில்லை.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் அப்பாவை வராந்தாவில் ஒரு நடை நடக்கச் சொன்னார். இடது கை வீசியது, வலது கை வீசவில்லை. அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். 1817-இல் இந்த நோயைப் பற்றி முதலில் முறையாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனும் ஆறு பேரை வைத்துத்தான் எழுதினார். அதில் சிலர் அவர் லண்டன் தெருவில் பார்த்தவர்கள். நடையைப் பார்த்தாலே தெரிகிற நோய் அது. நான் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். மாத்திரை தொடங்கி அப்பா தேறியதும் எனக்குள் ஒரு வீம்பு. 'நம் வைத்தியத்தால் இன்னும் மேலே கொண்டுவரலாமே' என்று மதுரை மருத்துவரிடம் சொல்லாமல், காலையும் மாலையும் இரண்டு டீஸ்பூன் பூனைக்காலிச் சூரணம் பாலில் கலந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அப்பாவின் கழுத்தும் தோளும் தானாக நெளிய ஆரம்பித்தன. பாம்பன் பாலத்துக்குக் கீழே நீரோட்டத்தில் பாசி ஆடுமே, அப்படி. எழுந்து நின்றவர் ரத்த அழுத்தம் இறங்கித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

என்ன நடந்தது என்று பிறகு கணக்குப் போட்டேன். இரண்டு டீஸ்பூன் என்றால் ஏறக்குறைய 10 கிராம். அதில் 300 முதல் 600 மில்லிகிராம் வரை லெவோடோபா இருந்திருக்கும். பொடியை மட்டும் கொடுத்திருந்தால் பெரும்பகுதி வழியில் வீணாகியிருக்கும். ஆனால் அப்பா சாப்பிட்ட மாத்திரையில்தான் ஐஸ் இருக்கிறதே! மாத்திரையின் கார்பிடோபா பொடியில் உள்ள லெவோடோபாவுக்கும் சேர்த்துக் காவல் நின்றது. வழக்கத்தைவிட மிக அதிகமாக மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. மதுரை மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை மில்லிகிராம் கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் கரண்டிக்கணக்குத்தான் இருந்தது.

அதற்காகப் பூனைக்காலியைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. 2000-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 18 பேருக்கு ஆயுர்வேத முறையில் மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பூனைக்காலி, அமுக்கரா, குரோசாணி ஓமம், ஆயுர்வேதத்தில் பலா என்று சொல்கிற சிறு செடியின் வேர் (பலாமரம் இல்லை) இவற்றைப் பசும்பாலில் கலந்த மருந்து. முதலில் உடல் சுத்தி செய்துகொண்டு மருந்து சாப்பிட்ட 13 பேர், நேராக மருந்துக்கு வந்த 5 பேரைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த மருந்தைப் பரிசோதித்தபோது ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது. அதாவது, நூறு மில்லிகிராம் மாத்திரை இரண்டு! 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு 15 கிராம், 30 கிராம் என்று அளந்து பூனைக்காலிப் பொடி கொடுத்தார்கள். 30 கிராம் கொடுத்தபோது மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, கூடுதல் நேரமும் நின்றது. ஆகவே அது மருந்துதான், சந்தேகமே இல்லை. 18 பேர், 8 பேர் என்பதெல்லாம் சின்னக் கணக்கு என்பதையும், அவர்கள் அளந்து கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இன்று என்னிடம் வருகிறவர்களில் ஆரம்ப நிலையில் இருக்கிற, மாத்திரை இன்னும் தொடங்காத ஒரு சிலருக்கு மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் எழுதிக் கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன். தராசில் நிறுத்துத்தான் கொடுக்கிறேன்.

உங்கள் வேலிக்காய்க்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. காட்டுப் பூனைக்காலிக் காயின் மேலுள்ள சுணை பட்டால் அரிப்பில் ஊரையே கூட்டிவிடுவீர்கள். வடமொழியில் கபிகச்சு, குரங்குக்கு அரிப்பு தருவது என்றே பெயர். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. விதையைப் பாலில் வேகவைத்துத் தோலை நீக்கி சுத்தி செய்த பிறகுதான் சூரணம். வீட்டில் செய்யாதீர்கள்.

முழுசாகக் குணமாக்குகிறேன் என்றவரைப் பற்றி ஒரு வரி. இந்த நோயை நிறுத்துகிற மருந்து ஆயுர்வேதத்திலும் இல்லை, ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. மூளை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அவர் பாட்டிலில் வேறு ஏதாவது பொடி, செந்தூரம் கொடுத்திருந்தால் அதையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 2008-இல் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பாதரசம் உடம்பில் சேர்ந்தால் கை நடுங்கும். நடுக்கத்துக்கு மருந்து சாப்பிட்டு நடுக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் ஆயுர்வேதத்தால் அப்பாவுக்கு என்னதான் செய்ய முடியும் என்று கேட்பீர்கள். வயிறு. முதலில் வயிறு. மாதவ நிதானத்தில் தலையும் உடம்பும் நடுங்குகிற வாத நோய்க்கு வேபது என்று பெயர். சித்த மருத்துவத்தில் நடுக்குவாதம் என்பார்கள். வாதத்தின் இருப்பிடம் பெருங்குடல் என்பது எங்கள் பாலபாடம். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மலச்சிக்கல் வந்துவிடும் என்பதை இன்றைய நரம்பியலும் ஒப்புக்கொள்கிறது. வயிறு மந்தமாக இருந்தால் மாத்திரை குடலுக்குப் போய்ச் சேரவே நேரமாகும். என் அப்பாவுக்கு நான் செய்த உருப்படியான வைத்தியம் இதுதான்: காலையில் வெந்நீர், சாப்பிட்டதும் தினமும் ஒரே நேரத்தில் கழிப்பறையில் கால் மணி, வாழைத்தண்டு, கீரை, தை மாதத்தில் பனங்கிழங்கு, ராத்திரி திரிபலா. தேவைப்பட்டபோது வஸ்தி, அதாவது ஆசனவாய் வழியாகத் தைலமும் கஷாயமும் செலுத்துவது. வயிறு சரியான வாரங்களில் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்ததை அப்பாவே சொன்னார்.

இரண்டாவது, எண்ணெய். தன்வந்தரம் தைலத்தையோ க்ஷீரபலா தைலத்தையோ வெதுவெதுப்பாகச் சூடாக்கி, வாரம் இரண்டு நாள் தோள், முதுகு, கால்களில் தேய்த்துவிடுங்கள். விறைப்பு இளகும், அன்று ராத்திரி தூக்கம் வரும். நோய் போகாது. ஆனால் ஒரு மனுஷனுக்கு ஒரு ராத்திரி தூக்கம் என்பது சின்ன விஷயமா? தேய்த்த பிறகு சிமெண்ட் தரையில் நடக்க விடாதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்தே குளிப்பாட்டுங்கள். எண்ணெய்க் காலோடு குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கேள்வி: உம்மாவுக்கு 70 வயசு. லெவோடோபா மாத்திரை தினம் மூன்று வேளை. மீன் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாது என்று ஒருவர் சொன்னதால் மீனை நிறுத்திவிட்டோம். உம்மா இளைத்துக்கொண்டே போகிறார்கள். நோன்பு வேறு வைக்கணும் என்று பிடிவாதம். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: மீனை நிறுத்தாதீர்கள்! கீழக்கரையில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் உம்மாவைத் தண்டிக்க வேண்டாம். விஷயம் மீன் இல்லை, நேரம். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். இரண்டும் ஒன்றாக வந்தால் நெரிசல். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு கொடுங்கள். அப்படியும் பகலில் மாத்திரை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் மீன், கறி, பருப்பு, பாலை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

நோன்பு விஷயத்தில், நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிம் சொன்னால் உம்மா கேட்பார்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். பகல் முழுக்க மாத்திரை இல்லாமல் இருந்தால் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தில் எழுந்து நிற்கவே முடியாமல் போகலாம். மருத்துவரும் ஆலிமும் ஒத்துக்கொண்டு உம்மா நோன்பு வைத்தால், திறக்கும்போது முதலில் மாத்திரையும் தண்ணீரும். நோன்புக் கஞ்சி அரை மணி கழித்து. அதில் கறியும் பருப்பும் போடுகிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். வாப்பாவுக்கு ஐந்து வருஷமாக இந்த நோய். கேரளாவில் 21 நாள் பஞ்சகர்மா பேக்கேஜ் 1,40,000 ரூபாய் என்கிறார்கள். கடன் வாங்கியாவது அனுப்பிவிடலாமா?
– மகன், தொண்டி

பதில்: கடன் வாங்கி அனுப்பாதீர்கள், தம்பி. நான் அங்கே படித்தவள், அந்த வைத்தியத்தின் மேல் மரியாதை உள்ளவள். 21 நாள் எண்ணெய், கிழி, சிரோதாரா, வஸ்தி, வேளைக்குச் சாப்பாடு, அமைதி எல்லாம் கிடைத்தால் வாப்பா தெளிவாகத்தான் திரும்பி வருவார். அந்தத் தெளிவு சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு பழைய இடத்துக்கு வரும். 1,40,000 ரூபாயை அதற்காகக் கடனாகச் சுமக்க முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதே பணத்தில் ஊரிலேயே ஒரு வருஷம் எண்ணெய் தேய்த்துவிட ஆளும், வாரம் மூன்று நாள் பிசியோதெரபியும் வைக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கையில் பணம் இருந்து அனுப்புவதானால் மூன்று விஷயம் கேளுங்கள். லெவோடோபா மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? ஆமாம் என்றால் அந்த இடம் வேண்டாம். கடும் பேதி கொடுப்பார்களா? இந்த நோயில் எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும். பேதியும் நீராவிக் குளியலும் சேர்ந்தால் மயங்கி விழுவார். உள்ளுக்குக் கொடுக்கிற மருந்தின் பெயரை எழுதித் தருவார்களா? 'அது குடும்ப ரகசியம்' என்றால் ரகசியம் அவர்களிடமே இருக்கட்டும்.

கேரளா வரை போகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தையும் யோசிக்கலாம். மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போன சிலருக்கு மூளையில் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்குகிற அறுவை சிகிச்சை அங்கே செய்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துமா என்று பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஒரு வருஷமாக மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார். ரத்தக்கொதிப்புக்கு நாட்டு மருந்தும் உண்டு. நாலு மாதமாக இரண்டு கையும் நடுங்குகின்றன, முகமும் இறுகிப்போய் இருக்கிறது. பூனைக்காலி தொடங்கட்டுமா?
– சாயல்குடி

பதில்: எதையும் தொடங்க வேண்டாம். முதலில் அந்த இரண்டு மருந்துகளின் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றலுக்குக் கொடுக்கிற சின்னரிசின், ஃப்ளூனரிசின் மாத்திரைகளை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டியதை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே வரும். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். நாட்டு மருந்தில் சர்ப்பகந்தா இருந்தால் மேலே சொன்ன முயல் கதைதான். இரண்டு கையிலும் ஒரே சமயத்தில் தொடங்கியது என்கிறீர்கள். உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தொடங்கும். அதனால் எனக்கு மருந்தின் மேல்தான் சந்தேகம். மருந்தை மாற்றிவிட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடும். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

பெரியபட்டினத்திலிருந்து டீ கிளாஸ் பிடிக்கும்போது கை நடுங்குகிறது என்று எழுதிய 34 வயதுத் தம்பிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதிகம் தெரியும், வேலை செய்யும்போது குறையும். உங்களுடையது தலைகீழ். தைராய்டு பரிசோதனை செய்யுங்கள், டீயைக் குறையுங்கள், வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இப்படி இருந்ததா என்று விசாரியுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது வாசற்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு அடி எடுத்துவைக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. பின்னால் இருந்து தள்ளினால் விழுகிறார். இதற்கு எந்தத் தைலம் நல்லது?
– மனைவி, பாம்பன்

பதில்: தைலம் எதுவும் இதற்கு உதவாது, அக்கா. தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. வாசலுக்கு முன்னால் தரையில், ஒரு அடிக்கு ஒரு கோடாக, கண்ணில் அடிக்கிற கலர் டேப் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டு என்றால் கால் தாண்டும். நட என்றால் நடக்காது. தானாக நடக்கிற வழி மூளையில் அடைபட்டிருக்கிறது, கண்ணும் காதும் சொல்கிற வழி திறந்திருக்கிறது. அதனால் தாளமும் உதவும். வலை இழுக்கும்போது அம்பா பாடியிருப்பாரே, அதைக் கூட நின்று பாடுங்கள். 'ஏலேலோ' வுக்கு ஒரு கால், 'ஐலசா' வுக்கு ஒரு கால். சத்தமாக அவரும் பாடட்டும், உள்ளே போய்விட்ட குரலுக்கும் அது பயிற்சி.

என் அப்பாவுக்குப் பாட்டு வராது. ஸ்கூல் டிரில்தான் வரும். வாசற்படியில் நின்று "லெஃப்ட்" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்வார். காலைத் தூக்கி வைப்பார். அடுத்ததற்கு வாய் எழும்பாமல் சில நாள் அப்படியே நிற்பார். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, "ரைட், சார்!" என்று கத்துவார்கள். தாண்டிவிடுவார்.